எரிமலைக்குப் போற தம்பிக்கு

கலிபோர்னியாவுல இருக்கிற லாசன் மலைக்குப் போறியாமே தம்பி? கேள்விப்பட்டேன். போறது ரெண்டு நாளு. பேச்சு மூணு வாரமா ஓடுது. யாரு காருல யாரு ஏறுறதுன்னே இன்னும் முடிவாகலையாம். அந்த மலை 27,000 வருசமா ஒரே எடத்துல உக்காந்திருக்கு. ஓடிப்போயிராது. நீங்க மெள்ளப் பேசுங்க.

எக்செல் ஷீட்டு வேற போட்டிருக்கீகளாமே. ஒரு பக்கம் காரு கணக்கு. ஒரு பக்கம் சாப்பாட்டுக் கணக்கு. மூணாவது பக்கத்துல 'ரிஸ்க்'குன்னு தலைப்பு போட்டு, கரடி, கொசு, வெயிலு, எரிமலைன்னு வரிசையா எழுதி, எரிமலைக்கு நேரா 'லோ'ன்னு குறிச்சிருக்கானாம் ஒரு புத்திசாலி. நல்லா இருக்கட்டும். நீ 'லோ' போட்டது மலைக்குத் தெரியுமாலே? யாராச்சும் அதுக்கு மெயில் அனுப்பினீகளா?

நான் பாத்துட்டு வந்தவன், அதான் சொல்றேன். மகன் வீட்டுக்கு வந்த எடத்துல என்னையும் காருல தூக்கிப் போட்டுட்டுப் போனாக. ஊருல ஆடு மேய்ச்சு, கரிசல்ல ஏரு ஓட்டி, சதுரகிரி ஏறி எறங்குன காலு இது. அந்தக் காலுக்கு ஒரு சூ வாங்குனான் என் பேரன். என்ன வெலைங்கிற? நூத்தி அறுவது டாலரு. அதைக் கடையில இருந்து நேரா மலைக்குப் போட்டுட்டு வரணுமாம். புதுச் செருப்பு கடிக்கும்னு நம்ம பக்கம் பாலு குடிக்கிற புள்ளைக்கும் தெரியும். காசு கூடக் குடுத்தா கடிக்காதுன்னு எவன்லே சொன்னான்? நான் பழைய சூவையே போட்டுக்கிட்டேன். பேரன் புதுசு போட்டான். சாயந்திரம் குதிகாலுல பிளாஸ்திரி ஒட்டுனது யாருங்கிறதை நான் சொல்லணுமாக்கும்.

அவன் பைய நீ பாத்திருக்கணும். கிளம்புறதுக்கு மொத நாளு ராத்திரி ஹாலு பூராவும் பரப்பி வச்சிருந்தான். கால் வைக்க எடமில்ல. நெஞ்சுல ஒரு பட்டி, இடுப்புல ஒரு பட்டி. பைக்குள்ள தண்ணிப் பை, அதுல இருந்து வாய்க்கு ஒரு குழாயி. பாட்டில எடுத்துத் தொறந்து குடிக்கக்கூட இவுகளுக்கு நேரமில்ல. ரெண்டு கையிக்கும் ரெண்டு கம்பு, கார்பனாம். சீக்கிரம் காயிற துண்டாம். நம்ம ஈரிழைத் துண்டு காயாம என்ன வருசக் கணக்குலயா நனைஞ்சு கெடந்துச்சு? இம்புட்டையும் அடுக்கி, தராசுல நிறுத்திப் பாத்து, பல்லு விளக்குற பிரஷ்ஷோட காம்ப பாதியா ஒடிச்சான். பாரம் கொறையணுமாம். அப்பறம் அந்தப் பையிலேயே டிரோன் ஒண்ணைத் தூக்கி வச்சான். அந்த மலையச் சுத்தி தேசியப் பூங்கா. அதுல டிரோன் பறக்க விடக்கூடாதுன்னு சட்டம். மலைக்குப் போற வரைக்கும் அது அவனுக்குத் தெரியாது.

ஆனா அந்தப் பையில ஒண்ணு பாத்தேன் தம்பி. நெஞ்சுப் பட்டியக் கோக்குற கொக்கி இருக்கு பாரு, அதுலயே சின்னதா ஒரு விசில் வச்சுத் தச்சிருக்கான் செஞ்சவன். வழி தப்பிட்டா ஊதுறதுக்கு. வாங்குன பயலுக்கே அது தெரியல. நான் ஊதிக் காமிச்சதும் முழிக்கான். அம்புட்டுச் சாமான்லயும் உருப்படியானது அது ஒண்ணுதான். உன் பையிலயும் இருக்கும், தேடிப் பாரு.

சரி, வழியச் சொல்றேன் கேளு. சான் பிரான்சிஸ்கோ பக்கமிருந்து அஞ்சாம் நம்பர் ரோட்டப் பிடிச்சு வடக்க போகணும். மலைக்கு மொத்தம் நாலஞ்சு மணி நேரம். ரெட் பிளஃப்ங்கிற ஊருல வலது கைப்பக்கம் திரும்பி 36-ஆம் நம்பர் ரோட்டுல ஏறணும். ரெட் பிளஃப்ல ஆடி மாசம் எறங்கிப் பாத்தியானா மண்டையப் பொளக்கும் வெயிலு. நம்ம கோயில்பட்டி வெயிலு எவ்வளவோ தேவலாம். அங்கன நின்னுக்கிட்டு ஒருத்தன் சொல்றான், 'ஜாக்கெட்டெல்லாம் எதுக்கு, டிக்கியில வேண்டாம், எடத்தை அடைக்குது'ன்னு. ஒரு மணி நேரம் கழிச்சுப் பாத்தா மேல ரோட்டோரத்துல பனி கெடக்கு. ஆடி மாசத்துல! ஜாக்கெட்டை விட்டுட்டு வந்தவன் கையக் கட்டிக்கிட்டு நின்னு, 'வெதர் ஆப்புல இப்படிப் போடலையே'ன்னு கோவப்படுறான். ஆப்பு மேல கோவப்பட்டா குளிரு விட்டுருமா? மேல போகப் போகக் குளிரும்னு நமக்கு யாரு கிளாஸ் எடுத்தா?

அங்கன கோடைங்கிறதே கொஞ்ச நாளுதான். பூங்காவுக்கு நடுவுல 30 மைலுக்கு ஒரு ரோடு போகுது. உச்சியில 8,500 அடிக்கு மேல. குளிர் காலத்துல அது பனிக்குள்ள பொதைஞ்சு போகும். ஹெலன் ஏரிப் பக்கம் 40 அடி வரைக்கும் பனி கொட்டும்கிறாக. யந்திரத்தை விட்டுத் தோண்டி எடுத்து ரோட்டத் தொறக்கவே ஜூன் ஆயிரும், சில வருசம் ஜூலை. அக்டோபர், நவம்பர் வந்தா மறுபடி அடைச்சிருவாக. அதனால கெளம்புறதுக்கு முந்தி ரோடு தொறந்திருக்கான்னு ஒரு தடவை பாத்துட்டுக் கெளம்பு. உங்க ஷீட்டுல எல்லாம் இருக்கு, இது மட்டும் இல்லையாம். என் பேரன்தான் சொன்னான்.

அட்சுகெவி, யானா, யாகி, மைடுன்னு நாலு குடி சனங்க அந்த மலையச் சுத்தி இருந்தாக. கோடைக்கு மேல வருவாக. வேட்டையாடுவாக, கெழங்கு விதை பொறுக்குவாக, பனி விழுறதுக்கு முந்தி கீழ எறங்கிருவாக. எப்ப ஏறணும் எப்ப எறங்கணும்னு மலையே சொல்லும். கையில கூடை. அம்புட்டுத்தான் சாமான். அந்தக் கூடைய அவுக பின்னுற நேர்த்தி இருக்கே, தண்ணி ஒழுகாது. நீ கொண்டு போற நாப்பது டாலர் பாட்டிலு மூடி ஒழுகுதுன்னு கடையில திருப்பிக் குடுத்தியாமே, மாத்திக் குடுத்தானா?

இப்ப லாசன் கதைக்கு வா. மலைக்குப் பேரு வந்தது பீட்டர் லாசன்கிற ஆளால. டென்மார்க்குல இருந்து வந்த கொல்லாசாரி. 1840-கள்ல கிழக்க இருந்து மாட்டு வண்டி கட்டி வந்த சனத்துக்கு நான் வழி காட்டுறேன்னு முன்னால போனவரு. வழி தெரியுமான்னா, அதுதான் சந்தேகம். அவரு போட்ட தடம் ஊரச் சுத்திக்கிட்டுப் போற தடம். லாசன் மலையையும் அங்கிட்டு வடமேற்குல இருக்கிற ஷாஸ்தா மலையையும் மாத்திப் புரிஞ்சுக்கிட்டு சனத்தை அலைய விட்டாருன்னு கதை சொல்லுவாக. கூட வந்தவுக பொறுத்துப் பொறுத்துப் பாத்து, ஒரு நாளு துப்பாக்கியக் காமிச்சு, 'அய்யா சாமி, அந்த மலை மேல ஏறி வழி எங்கன இருக்குன்னு பாத்துட்டு எறங்கு'ன்னு வெரட்டுனாகன்னும் சொல்லுவாக. கதை எம்புட்டு நெசமோ. ஆனா கூத்தப் பாரு, வழி தெரியாதவரு பேரத்தான் மலைக்கு வச்சிருக்காக.

இத எதுக்குச் சொல்றேன்? உன் போனு இருக்கே, அதுவும் பீட்டர் லாசன்தான். பூங்காவுக்குள்ள நெறைய எடத்துல டவர் கெடையாது. நீலப் புள்ளி ஒண்ணு காமிக்குமே, அதைச் சுத்திப் படம் வராம வெறும் கட்டமா நிக்கும். எங்க காருல ஓட்டுனவன் வண்டிய ஓரங்கட்டிட்டு போனை ஆகாசத்துக்குத் தூக்கித் தூக்கிக் காமிச்சான். ரோடு ஒண்ணே ஒண்ணு. அது பாட்டுக்குப் போகுது. இதுல வழி கேக்க என்ன இருக்கு? வாசல்ல சீட்டு வாங்கும்போது காயிதத்துல அச்சடிச்ச படம் ஒண்ணு குடுப்பாக. எல்லாரும் அதைச் சீட்டுக்கு அடியில சொருகுவாக. நீ சொருகாத. மடியில வையி.

மலை உச்சிக்குப் போற பாதைக்கு வந்தாச்சுன்னு வையி. வண்டி நிறுத்துற எடமே 8,500 அடி. அங்கன இருந்து ரெண்டரை மைலு மேல, ரெண்டரை மைலு கீழ. ஏத்தம் ரெண்டாயிரம் அடிக்குக் கொஞ்சம் கம்மி. உச்சி 10,457 அடி. ரெண்டரை மைலுதானேன்னு தோணுமே, அங்கதான் இருக்கு சூட்சுமம். காலையில கடலோரத்துல பல்லு விளக்குனவன் மத்தியானம் அங்கன நிக்கிறான். காத்து மெலிஞ்சு கெடக்கு. ஒடம்புக்கு என்ன தெரியும், அது இன்னும் வீட்டுலதான் இருக்கோம்னு நெனைச்சுக்கிட்டு இருக்கும். தலை வலிக்கும், சில ஆளுக்கு வயித்தைப் பெரட்டும்.

நான் உச்சிக்குப் போகல. எனக்கு எதுக்கு? கீழ ஒரு பாறையில சம்மணம் போட்டு உக்காந்து, போறவனையும் வாறவனையும் பாத்தேன். அங்கன படிக்கிற படிப்பு உச்சியில கெடைக்காது தம்பி. போறவன் எல்லாம் பேசிக்கிட்டே போறான். ஆபீஸ் பேச்சு, வீட்டுக் கடன் பேச்சு, கிரீன் கார்டு பேச்சு. வாறவன் எல்லாம் வாய மூடிக்கிட்டு வாறான். போறவன் சூவைக் காமிக்கிறான், வாறவன் சூவைக் கழட்டுறான். ஒரு பய, நல்ல வாட்டசாட்டமான பய, நாலு எட்டு வைக்கிறது, நின்னு கையில கட்டுன வாட்சைப் பாக்கிறது. என்னப்பா மணி பாக்கியான்னு கேட்டேன். இல்ல தாத்தா, ஹார்ட் ரேட் பாக்கேன்கிறான். மூச்சு வாங்குதா இல்லையான்னு வாட்சுகிட்ட கேக்கான்! மூச்சு வாங்குறது யாருக்கு, உனக்கா வாட்சுக்கா?

இன்னொரு கூட்டம், பாதை வளைஞ்சு வளைஞ்சு போகுதேன்னு குறுக்க விழுந்து ஏறுது. நேரம் மிச்சமாம். மிச்சம் பண்ணி என்ன பண்ணுனாக? மேல போயி சறுக்கி உக்காந்து, பாண்டு கிழிஞ்சு, அதுல ஊசி நூலு யாருகிட்ட இருக்குன்னு விசாரிச்சாக. அந்த மண்ணு பொலபொலன்னு இருக்கிற மண்ணு. எரிமலைச் சாம்பலும் ஒடைஞ்ச கல்லும்தானே. ஒருத்தன் மிதிச்ச குறுக்குத் தடத்துல அடுத்த மழைத் தண்ணி ஓடும். ஓடையாயிரும். வளைச்சு வளைச்சு வழி போட்டவன் கூறு கெட்டவனா? சதுரகிரிக்கு ஆடி அமாவாசைக்கு ஏறுற கெழவிகளப் பாத்திருக்கியா? வெறுங்காலு, மஞ்சப்பை, வாயில சிவ சிவா. பைய ஏறுவாக, உக்காருவாக, ஏறுவாக. ஒருத்தியும் குறுக்க விழ மாட்டா.

வெள்ளனா ஏறிரு. அதை மட்டும் கேளு. மத்தியானத்துக்கு மேல இடி மேகம் கூடும். மொட்டை மலை அது, ஒதுங்க ஒரு மரம் கெடையாது. மின்னல் வெட்டும்போது நீதான் அங்கன ஒசரமா நிப்ப, கையில ரெண்டு கம்போட. உன்னைய ஒன்பது மணிக்கு எழுப்பவே உங்க அம்மாவுக்குத் தொண்டத் தண்ணி வத்துது. நீ எங்கன வெள்ளனா போயி...

மேல போனா போட்டோ எடுப்ப. எடுக்காம இருப்பியா? ஆயிரம் எடுப்ப. ஆயிரத்துலயும் உன் மூஞ்சி முன்னால, மலை பின்னால. லூமிஸ்னு ஒரு மனுசன் இருந்தாரு. 1914 மே 30-ஆம் தேதி அந்த மலை முழிச்சுக்கிட்டு புகையக் கெளப்ப ஆரம்பிச்சுச்சு. அம்புட்டு காலமா தூங்கிட்டு இருந்த மலைன்னு சனம் நெனைச்சுக்கிட்டு இருந்துச்சு. லூமிஸ் பெரிய பெட்டிக் கேமராவையும் கண்ணாடித் தகட்டையும் தூக்கிக்கிட்டு போயி காத்துக் கெடந்தாரு. ஜூன் 14-ஆம் தேதி மலை வெடிச்சுச்சு. வரிசையா ஆறு படம் எடுத்தாரு. ஆறே ஆறு. அதுல ஒண்ணுல கூட அவரு மூஞ்சி இல்ல. மலைதான் இருக்கு, புகை எந்திரிக்கிறது படத்துக்குப் படம் தெரியுது. நாடே அதைப் பாத்துச்சு. 1916 ஆகஸ்ட் 9-ஆம் தேதி அந்த எடத்தைத் தேசியப் பூங்காவா அறிவிச்சாக. அந்தப் படத்துக்கும் அதுல பங்கு உண்டு. ஒரே மக மேய் செத்துப் போனா அவருக்கு. அவ நெனவா 1927-ல மன்சனீட்டா ஏரிக்குப் பக்கத்துல கல்லுக் கட்டடம் ஒண்ணு கட்டி வச்சாரு. இப்பவும் இருக்கு. உங்க ஷீட்டுல அதுக்குப் பத்து நிமிசம் கூட ஒதுக்கலைன்னு கேள்வி. காப்பிக் கடைக்கு நாப்பது நிமிசம் ஒதுக்கியிருக்கீகளாம்.

நீ 'லோ' போட்ட மலை என்ன பண்ணுச்சுன்னும் கேட்டுக்கோ. 1915 மே 22. புகை 30,000 அடிக்கு மேல எந்திரிச்சுச்சு. சாம்பலு காத்துல போயி 200 மைலுக்கு அந்தப் பக்கம் நெவாடாவுல வின்னமக்காங்கிற ஊருல விழுந்துச்சு. அதுக்கு மூணு நாளைக்கு முந்தியே கொதிக்கிற கொழம்பு பனி மேல விழுந்து, பனி உருகி, சேறும் பாறையுமாப் பெரண்டு வந்து வடகிழக்க இருந்த காட்டையே வழிச்சிட்டுப் போச்சு. அங்கன ரோட்டோரமா ஒரு பாறை நிக்கும், 300 டன்னுங்கிறாக. சேத்தோட மெதந்து வந்த பாறை. பல நாளைக்குச் சூடு ஆறலையாம். அதைத் தடவிப் பாத்துட்டு ஒரு பய கேக்கான், 'இப்ப ஏன் தாத்தா சூடா இல்ல?' நூறு வருசத்துக்கு மேல ஆச்சுலே. உங்க அம்மா வச்ச காப்பியே நீ எந்திரிச்சு வாறதுக்குள்ள ஆறிப் போகுது.

இனி முக்கியமான எடத்துக்கு வாறேன். பம்பாஸ் ஹெல்.

அதுக்கு முந்தி தெக்கு வாசல்ல நொழைஞ்ச உடனே ரோட்டோரத்துலயே சல்ஃபர் வொர்க்ஸ்னு ஒண்ணு வரும். காருல இருந்து எறங்குனா போதும், நடக்க வேண்டியதில்ல. அழுகுன முட்டை நாத்தம் மூக்கப் புடுங்கும். எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகமாப் பாப்பாக. அது யாரு வேலையும் இல்ல, கந்தக வாயு. அங்கன ஒரு குழியில சாம்பக் கலருல சேறு கொதிக்குது. கேப்பக் களி கிண்டும்போது பாத்திருக்கியா? மெள்ள ஒரு கொப்புளம் எந்திரிச்சு, பெருத்து, செத்த நேரம் நின்னு, 'பொளக்'னு ஒடைஞ்சு ஒரு சொட்டைத் தூக்கி வெளிய எறியும். அதே மாதிரி. நான் பாத்துக்கிட்டே நின்னேன். கம்பி வேலி இருக்கு. வேலியில சாஞ்சு கைய நீட்டி நீட்டி ஒருத்தன் வீடியோ எடுக்கான். களி தெறிச்சாலே கொப்பளிக்கும். இது பூமி கிண்டுற களி.

அதுக்கும் மேல, ஹெலன் ஏரிப் பக்கத்துல இருந்து ஒண்ணரை மைலு நடந்தா பம்பாஸ் ஹெல். அதுக்கு நான் நடந்து போனேன். 16 ஏக்கரு. பூராவும் ஆவி, கொதிதண்ணி, மஞ்சக் கல்லு, வெள்ளைப் பொருக்கு. எப்படிக் கொதிக்குதுன்னா, பனி உருகுன தண்ணியும் மழைத் தண்ணியும் மண்ணுக்குள்ள எறங்குது. அடியில எரிமலைச் சூடு இருக்கு. சுட்ட தண்ணி ஆவியாகி வெடிப்பு வழியா மேல வருது. அதுல ஒரு ஓட்டைய அளந்து பாத்தப்ப 161 டிகிரி செல்சியஸ் இருந்துச்சாம். அம்புட்டு ஒசரத்துல தண்ணி 92 டிகிரியிலயே கொதிச்சிரும், அதை நெனச்சுக்கோ.

கெண்டல் பம்பாஸ்னு ஒரு ஆளு. 1860-கள்ல அந்த எடத்தைக் கண்டுபிடிச்சவரு, நல்ல வேட்டைக்காரரு, மலை தெரிஞ்சவரு. அங்கன நடக்கும்போது மேல் பொருக்கு ஒடைஞ்சு காலு உள்ள போயி வெந்து போச்சு. சரி, தெரியாம நடந்தது. அந்தக் கதைய ஊருக்குள்ள சொன்னாரு. நரகத்தையே பாத்துட்டேன்னு சொன்னாரு. ஊரு சும்மா இருக்குமா? ரெட் பிளஃப்ல இருந்து ஒரு பத்திரிகைக்காரரு, வாங்கய்யா எங்களுக்கும் காமிங்கன்னு வந்துட்டாரு. பத்திரிகைக்காரரு வந்தா நமக்கு நடையே மாறிரும் பாரு. பம்பாஸ் முன்னால போறாரு. 'பாத்து வாங்க, பொருக்கு மெல்லிசு, ஒடையும்'னு மத்தவுகளுக்கு எச்சரிக்கை சொன்னாரு. சொன்ன வாயி மூடல, அவரு காலுதான் உள்ள போச்சுன்னு சொல்லுவாக. இந்தத் தடவை காலையே எடுக்க வேண்டியதாப் போச்சு.

காலு போச்சு, எடத்துக்குப் பேரு நின்னுச்சு. நீ என்ன சொல்லுவ, ஐயோ பாவம் அந்தக் காலத்து ஆளு, வெவரம் பத்தாதுன்னு. அவருக்கு வெவரம் பத்தாதா? அந்தத் தரை ஒடையும்னு ஒலகத்துலயே நல்லாத் தெரிஞ்ச ஒரே ஆளு அவருதான். தெரிஞ்சுதான் எச்சரிக்கையே சொல்லுறாரு. சொல்லும்போது கண்ணு எங்கன இருந்துச்சு? வந்தவரு மூஞ்சியில இருந்துச்சு. காலுக்குக் கீழ இல்ல. இப்ப நீ போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, 'ஹாய் கைஸ்'னு பின்னால நடப்பியே, அப்ப உன் கண்ணு எங்கன இருக்கும்?

அதுக்குத்தான் மரப்பலகை போட்டு நடைபாதை கட்டி வச்சிருக்காக. பலகைய விட்டு எறங்காதன்னு போர்டு வச்சிருக்காக. அதுக்குப் பெறகும் எறங்கி வெந்தவுக உண்டு. இந்தக் காலத்து ஆளுகதான், நல்ல சூ போட்ட ஆளுகதான். நான் எல்லாத்தையும் கேலி பண்றவன், சட்டம் கிட்டம்னு பயப்படுறவன் இல்ல. ஆனா அந்தப் பலகையில நானே நடுவுல நடந்தேன். எங்க முன்னால ஒரு பய ஒரு காலைப் பலகைக்கு வெளிய வச்சான், சும்மா, ஒரு போட்டோவுக்கு. காக்கி போட்ட பொண்ணு ஒண்ணு, ரேஞ்சராம், என் பேத்தி வயசுதான் இருக்கும். சத்தம் போடல. பக்கத்துல வந்து மெள்ளமா பம்பாஸ் கதையச் சொன்னா. முழுசாச் சொல்லி முடிக்கிறதுக்கு முந்தியே காலு உள்ள வந்துருச்சு.

சிண்டர் கோன்னு ஒண்ணு வடகிழக்கு மூலையில இருக்கு, சுமார் 350 வருசத்துக்கு முந்தி வெடிச்ச கூம்பு. கருப்புச் சல்லிக் குவியலு. ரெண்டு எட்டு ஏறுனா ஒரு எட்டு சறுக்கும். சூவுக்குள்ள சல்லி ஏறும். ரெண்டு நாளுல அதையும் பாத்துருவோம்னு ஷீட்டுல போட்டிருக்கியாமே. அடிச்சிரு. அதுக்குத் தனி ரோடு சுத்திப் போகணும். ஒரு மலைய ஒழுங்காப் பாரு, போதும்.

போற வழியில காடு கருப்பா நிக்கும். பயந்துராத, கேட்டுக்கோ. 2021-ல டிக்ஸி தீன்னு ஒண்ணு வந்துச்சு. பூங்காவுல மூணுல ரெண்டு பங்குக்கு மேல அந்தத் தீயில அடிபட்டுச்சு. எரிஞ்ச மரம் கம்பமா நிக்கிது, அடியில புதுசாப் பச்சை கெளம்புது. பாக்க வேண்டியதுதான், நின்னு பாரு. ஆனா உங்க கூட்டத்துல ஒருத்தன் தூளிக்கட்டு ஒண்ணு வாங்கியிருக்கானாம், ஹாமக்குன்னு. ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டி ஆடப் போறானாம். செத்த மரத்துல கட்டிராதன்னு சொல்லு. காத்தடிச்சாலே சாயுற மரம். இவன் எழுபத்தஞ்சு கிலோ.

சாப்பாட்டுக்கு என்ன? பொட்டலத்துல காஞ்ச சோறாம், வெந்நி ஊத்துனா தாய்லாந்து கொழம்பாயிருமாம், ஒரு பொட்டலம் பன்னண்டு டாலராம். தின்னு பாத்தேன். வெந்நிதான் நல்லாருந்துச்சு. சரி நாங்க அரிசியே கொண்டு போறோம்னா, திறந்த சட்டியில வேக வைக்காத. அந்த ஒசரத்துல தண்ணி சீக்கிரம் கொதிச்சிரும், சோறு வேகாது. அரிசி பல்லுல நெறநெறன்னு கடிக்கும். குக்கர் கொண்டு போ. இல்லையா, மொத நாளே புளியோதரை கெளறி எடுத்துட்டுப் போ. அதுக்கு ஆப்பு வேண்டாம், அம்மாவைக் கேட்டாப் போதும். ராத்திரி மிச்சச் சாப்பாட்டைக் கூடாரத்துக்குள்ள வச்சுக்காத. ஒவ்வொரு எடத்துலயும் இரும்புப் பெட்டி வச்சிருக்காக, கரடிக்குப் பயந்து. பேஸ்ட்டு, சோப்பு, முடிக்குத் தடவுற எண்ணெய், வாசம் வாறது எல்லாம் அதுக்குள்ள. நீ அடிச்சுக்கிற சென்ட்டும்தான். மலைக்கு எதுக்குலே சென்ட்டு?

அணிலு வந்து கையேந்தும், அழகா இருக்கும். போடாத. அதுக்கு அங்கன பைன் விதை இருக்கு. உன் சிப்ஸ் தின்னு பழகுனா பனிக்காலத்துல அதுக்கு யாரு சிப்ஸ் கொண்டாந்து போடுறது? கல்லும் பொறுக்காத, சட்டப்படி குத்தம். உங்க அத்தை மீன் தொட்டிக்கு ரெண்டு கல்லு கேட்டிருப்பா, எனக்குத் தெரியும். கடையில வாங்கிக் குடு.

எந்த வாரம் போறீகன்னு சொல்லு. ஏன் கேக்கேன்னா, முன் சீட்டு எனக்கு வேணும். பின்னால உக்காந்தா அந்த வளைவுல வயித்தைப் பெரட்டுது. ஷீட்டுல எழுதிக்கோ.